ஓவர்கிளாக்கிங்: நம் கடலோர வெயிலில் எதுவரை போகலாம்?

புதுச்சேரியில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் பையன்களிடமும், கடலூரில் கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களிடமும் ஓவர்கிளாக்கிங் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு விதமான பதில் வரும். "பயாஸ்ல போய் ஒரு நம்பரை ஏத்திவிட்டா போதும், பழைய சிஸ்டம் புதுசு மாதிரி ஓடும்" என்பார் ஒருவர். (பயாஸ் என்பது விண்டோஸ் திறக்கும் முன்பே மதர்போர்டு காட்டும் செட்டிங் திரை.) "அதைத் தொட்டா ப்ராசசர் கருகிடும்" என்பார் இன்னொருவர். முதலாமவர் சொல்வது பதினைந்து வருடத்துக்கு முந்தைய ப்ராசசர்களுக்கு ஓரளவு பொருந்தும். இரண்டாமவர் சொல்வது, வோல்டேஜைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினால் நடக்கக்கூடியது. இன்று கடையில் வாங்கும் ப்ராசசரில் என்ன நடக்கிறது என்பதை இரண்டு பேருமே சொல்வதில்லை.

ஒவ்வொரு ப்ராசசரிலும் தயாரிப்பாளர் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் விற்கிறார். அந்த இடைவெளியை நாம் எடுத்துப் பயன்படுத்துவதுதான் ஓவர்கிளாக்கிங். கேள்வி இரண்டு: எவ்வளவு மிச்சம் இருக்கிறது? அதில் நம் ஊர் வெயில் எவ்வளவை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது? இந்த இரண்டும் புரிந்துவிட்டால் பயமும் போய்விடும், பேராசையும் போய்விடும்.

ப்ராசசரின் தாளம்

வீட்டுக்குத் தளம் போடும் நாளை நினைத்துப் பாருங்கள். கீழே கலவை மெஷின் ஓடுகிறது. அங்கிருந்து மாடி வரைக்கும் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். கலவைச் சட்டி கை மாறிக் கை மாறி மேலே போகிறது. மேஸ்திரி குரல் கொடுக்கிறார். ஒவ்வொரு குரலுக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் கையில் இருக்கும் சட்டியை மேலே கொடுத்துவிட்டு, கீழே இருந்து வரும் அடுத்த சட்டியை வாங்க வேண்டும். குரல் வேகமானால் கலவையும் வேகமாக மேலேறும். ஆனால் அந்த வரிசையில் கை கொஞ்சம் மெதுவான ஒருவர் இருப்பார். அவர் சட்டியைச் சரியாகப் பிடிப்பதற்குள் அடுத்த குரல் வந்துவிட்டால், சட்டி கீழே விழும். மற்றவர்கள் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் வரிசையின் வேகத்தை முடிவு செய்வது அந்த ஒருவர்தான்.

ப்ராசசருக்குள் இந்தக் குரலைக் கொடுப்பது கிளாக் எனப்படும் மின் துடிப்பு. ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதுதான் அதிர்வெண். 1 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 100 கோடி துடிப்பு. 4.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ப்ராசசருக்கு நொடிக்கு 440 கோடி. அந்த வேகத்தில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே ஒளிகூட ஏழு சென்டிமீட்டருக்குக் குறைவான தூரம்தான் போக முடியும். அவ்வளவு சின்ன நேரத்துக்குள் டிரான்சிஸ்டர் எனப்படும் நுண்ணிய மின் சுவிட்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறி, விடையைத் தயாராக வைத்திருக்க வேண்டும். எந்தப் பாதையில் இதற்கு அதிக நேரம் பிடிக்கிறதோ, அந்தப் பாதைதான் ப்ராசசரின் உச்ச வேகத்தைத் தீர்மானிக்கிறது. வரிசையில் கை மெதுவான ஆள் அதுதான்.

அதிர்வெண் எப்படி அமைகிறது என்பது எளிய பெருக்கல். மதர்போர்டு கொடுக்கும் அடிப்படைத் துடிப்பு இப்போது பெரும்பாலும் 100 மெகாஹெர்ட்ஸ். அதைப் பெருக்கும் எண்ணுக்கு மல்டிப்ளையர் என்று பெயர். 100-ஐ 44-ஆல் பெருக்கினால் 4,400 மெகாஹெர்ட்ஸ், அதாவது 4.4 கிகாஹெர்ட்ஸ். ஓவர்கிளாக் செய்யும்போது பெரும்பாலும் நாம் மாற்றுவது இந்த மல்டிப்ளையரைத்தான்.

வோல்டேஜ் ஏன் வருகிறது, சூடு ஏன் வருகிறது

மேஸ்திரி வேகமாகக் குரல் கொடுத்தும் சட்டி விழக்கூடாது என்றால் ஆட்களுக்குத் தெம்பு வேண்டும். ப்ராசசரில் அந்தத் தெம்புதான் வோல்டேஜ், அதாவது மின்னழுத்தம். டிரான்சிஸ்டர் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாற, அதற்குள் மின்னூட்டம் நிரம்ப வேண்டும். அழுத்தம் கூடினால் சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் மாறும். அதனால்தான் வேகத்தை ஏற்றும்போது ஒரு கட்டத்துக்கு மேல் வோல்டேஜையும் ஏற்ற வேண்டியிருக்கிறது.

ஆனால் இந்தத் தெம்புக்கு விலை அதிகம். ப்ராசசர் செலவழிக்கும் மின்சாரம் அதிர்வெண்ணுக்கு நேர் விகிதத்தில் கூடும். வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் கூடும். வோல்டேஜை 10 சதவீதம் ஏற்றினால் அதனால் மட்டும் 21 சதவீதம் அதிக மின்சாரம் போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4.4 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட்டில் 100 வாட் எடுக்கும் ஒரு ப்ராசசர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 4.7 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றுகிறோம், அதற்காக வோல்டேஜை 1.32 ஆக்குகிறோம். வேகம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடியது. மின்சாரமோ 129 வாட்டுக்குப் போய்விட்டது. அந்தக் கூடுதல் 29 வாட்டும் ஒரு விரல் நகம் அளவுள்ள சிலிக்கான் துண்டிலிருந்து சூடாகத்தான் வெளியே வரும்.

பலன் என்ன? ஒரு மணி நேரம் ஓடும் வீடியோ ரெண்டர் ஏறத்தாழ 56 நிமிடத்தில் முடியும், அதுவும் வேலை முழுக்க ப்ராசசரையே நம்பி நடந்தால். கேம் ஆடுபவருக்குப் பல நேரம் வேகத்தைக் கட்டிப்போடுவது கிராஃபிக்ஸ் கார்டு. அப்போது ப்ராசசரில் ஏற்றிய 7 சதவீதம் திரையில் தெரியவே தெரியாது.

சூட்டோடு சேர்ந்து இன்னொரு பாதிப்பும் உண்டு. அதிக மின்னோட்டமும் அதிக வெப்பமும் சேர்ந்தால் சிப்புக்குள் இருக்கும் மெல்லிய உலோகக் கம்பிகளின் அணுக்கள் மெல்ல மெல்ல நகர ஆரம்பிக்கும். இதற்கு எலக்ட்ரோமைகிரேஷன் என்று பெயர். இன்று போட்ட செட்டிங்கின் விளைவு இரண்டு வருடம் கழித்து, "முன்னாடி நல்லா ஓடுச்சே, இப்ப ஏன் ஹேங் ஆகுது?" என்று வரலாம். ப்ராசசர் கருகுமா என்று பயப்படுகிறவர்கள் உண்மையில் பயப்பட வேண்டியது இந்த மெதுவான தேய்மானத்துக்கு. திடீர்ச் சூட்டிலிருந்து ப்ராசசர் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும். வெப்பம் உச்ச வரம்பைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் அணைந்துவிடும். இன்டெல் ஐ5-12600கே போன்றவற்றுக்கு அந்த வரம்பு 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டியின் ரைசன் 5 5600எக்ஸுக்கு 95 டிகிரி.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: துடிப்பை வேகப்படுத்தினால் மெதுவான பாதை தடுமாறும். அதைச் சரிக்கட்ட வோல்டேஜ் ஏற்றினால் சூடு பல மடங்கு வேகத்தில் ஏறும். வேகம் கொஞ்சம், சூடு நிறைய.

மிச்சம் எங்கிருந்து வருகிறது

ஒரே வார்ப்பில் வந்த சிப்புகளும் ஒன்றுபோல இருப்பதில்லை. தயாரிப்பாளர் ஒவ்வொன்றையும் சோதித்துத் தரம் பிரிக்கிறார். பிறகு, வாங்குகிறவர் எந்த ஊரில் எந்த அறையில் வைப்பார், எவ்வளவு மட்டமான எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) போடுவார், ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதையெல்லாம் யோசித்து, சிப்பின் உண்மையான திறனுக்குக் கொஞ்சம் கீழே வேகத்தை அச்சிட்டு விற்கிறார். இந்த இடைவெளிதான் நாம் எடுத்துக்கொள்வது. உங்கள் நண்பரின் 5600எக்ஸ் 4.7-இல் நிற்கிறது என்பதால் உங்களுடையதும் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே மாடலில் அதிர்ஷ்டக்காரச் சிப்பும் உண்டு, சுமாரான சிப்பும் உண்டு.

ஒரு காலத்தில் இந்த இடைவெளி மிகப் பெரியது. 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ, 66 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பில் 300 மெகாஹெர்ட்ஸ் ஓடியது. அடிப்படைத் துடிப்பை மட்டும் 100-க்கு மாற்றினால் 450-இல் ஓடும். ஒரு பைசா செலவில்லாமல் ஐம்பது சதவீதம் வேகம்! 2011-இல் வந்த ஐ5-2500கே, 3.3 கிகாஹெர்ட்ஸ் என்று விற்கப்பட்டது. நல்ல கூலர் போட்ட பலர் அதை 4.5 வரை ஓட்டினார்கள். ஓவர்கிளாக்கிங் பற்றி நம் காதில் விழும் வீரக் கதைகளில் பெரும்பாலானவை இந்தக் காலத்தவை.

இப்போது கதை வேறு. இன்றைய ப்ராசசர் தன்னைத்தானே ஓவர்கிளாக் செய்துகொள்கிறது. சூடும் மின்சாரமும் அனுமதிக்கும் வரை தானாக வேகம் ஏறுவதற்கு பூஸ்ட் என்று பெயர். 5600எக்ஸின் அடிப்படை வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ், பூஸ்ட் 4.6. ஐ5-12600கே-யின் அடிப்படை 3.7, பூஸ்ட் 4.9. முன்பு நாம் மெனக்கெட்டு எடுத்ததைத் தொழிற்சாலையே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. "அண்ணே, 5 கிகாஹெர்ட்ஸ் வருமா?" என்று கடையில் கேட்கும் பையன், மிச்சமிருக்கும் கடைசிச் சில சதவீதத்தைத்தான் கேட்கிறான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 5600எக்ஸில் எல்லாக் கோர்களையும் (ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) 4.5-இல் நிரந்தரமாகப் பூட்டி வைத்தால், எல்லாக் கோர்களும் சேர்ந்து உழைக்கும் வேலையில் கொஞ்சம் வேகம் கிடைக்கலாம். ஆனால் ஒரே ஒரு கோர் மட்டும் உழைக்கும் வேலையில் அது தானாகப் போயிருக்கக்கூடிய 4.6-ஐ இழந்துவிடும். ஓவர்கிளாக் செய்து சில வேலைகளில் மெதுவாக்கிக்கொள்வது இப்படித்தான் நடக்கிறது.

தொழிற்சாலையே எல்லையை ஒட்டிப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சமீபத்திய உதாரணம் உண்டு. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்களில் பல, வோல்டேஜ் அளவுக்கு மீறிப் போனதால் காலப்போக்கில் நிலையிழந்தன. 2024 ஆகஸ்டில் வோல்டேஜை 1.55-க்கு மேல் போகவிடாத மைக்ரோகோடு (பயாஸ் அப்டேட்டோடு வரும், ப்ராசசருக்குள் ஓடும் மென்பொருள்) வந்தது. உத்தரவாதமும் இரண்டு வருடம் நீட்டிக்கப்பட்டது. அந்தத் தலைமுறை ப்ராசசர் வைத்திருப்பவர்கள் ஓவர்கிளாக் பற்றி யோசிக்கும் முன் பயாஸை அப்டேட் செய்தே ஆக வேண்டும்.

வெயில் கணக்கு

இதுதான் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது. கூலரின் வேலை, ப்ராசசரின் சூட்டை அறைக் காற்றுக்குக் கடத்துவது. காற்றுக் கூலராக இருந்தாலும் சரி, தண்ணீர்க் கூலராக இருந்தாலும் சரி, அறை வெப்பநிலைக்குக் கீழே ப்ராசசரைக் கொண்டுபோக முடியாது. அறையை விட எத்தனை டிகிரி மேலே நிற்கும் என்பதுதான் கூலரின் திறன்.

வெளிநாட்டு வீடியோவில் ஒருவர் 22 டிகிரி அறையில் உட்கார்ந்து, "பாருங்கள், 75 டிகிரிதான்" என்கிறார். அவருடைய கூலர் அறையை விட 53 டிகிரி மேலே ப்ராசசரை நிறுத்துகிறது. அதே கூலர், அதே செட்டிங், அதே ப்ராசசரை முத்தியால்பேட்டையில் ஏசி இல்லாத அறைக்குக் கொண்டு வாருங்கள். கத்திரி வெயிலில், கடற்காற்று இன்னும் திரும்பாத மதியத்தில், அறை 36 டிகிரி. கணக்கு நேராக 89-க்குப் போய்விடும். அதுவும் குறைந்தபட்சக் கணக்கு. சூடான சிப்பில் சும்மா கசியும் மின்னோட்டமும் கூடும், அது இன்னும் கொஞ்சம் சூட்டைச் சேர்க்கும். அங்கே வசதியாக இருந்த செட்டிங் இங்கே விளிம்பில் நிற்கும்.

அதனால் இணையத்தில் பார்க்கும் எந்த வெப்பநிலையையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதைச் சொன்னவரின் அறை வெப்பநிலையைக் கழித்து, நம் அறை வெப்பநிலையைக் கூட்டிப் பாருங்கள். உங்கள் மெஷினைச் சோதிக்கும்போதும் மதியம் இரண்டு மணிக்குச் சோதியுங்கள். மார்கழி இரவில் கிடைக்கும் முடிவு சித்திரை மதியத்தில் செல்லாது.

ஈரப்பதம் இன்னொரு பக்கம். நம் கடற்கரையில் கோடைக் காற்றின் பனிநிலை பல நாள் 25 டிகிரியை ஒட்டி இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பின் மேலும் தண்ணீர் முத்து முத்தாகக் கோர்க்கும். வெளிநாட்டில் விளையாட்டாக ஐஸ், குளிர்விப்பான் என்று வைத்துச் செய்வதைப் பார்த்து இங்கே முயன்றால், ஷார்ட் ஆகும் மதர்போர்டுதான் மிஞ்சும். சாதாரணக் கூலரில் இந்த ஆபத்து இல்லை, அது அறையை விடக் குளிராகாது.

உப்புக் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குருசுக்குப்பத்திலோ தேவனாம்பட்டினத்திலோ கடலுக்கு நாலு தெரு தள்ளி இருக்கும் வீட்டில், கூலரின் தகடுகளில் படியும் தூசி உலர்ந்து உதிராது. ஈரத்தில் பிசுபிசுத்து அப்பிக்கொள்ளும். அப்படி அடைத்த கூலரை வைத்துக்கொண்டு ஓவர்கிளாக் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை. முதலில் கேபினட்டைத் திறந்து பிளோயரால் ஊதி, தூரிகையால் சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். தெர்மல் பேஸ்ட் என்பது ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளை நிரப்பும் பசை. பலருக்கு இந்த வேலையிலேயே பூஸ்ட் தானாகக் கூடி, தேடிய வேகம் கிடைத்துவிடும்.

சுருக்கமாக: தொழிற்சாலை விட்ட மிச்சம் இப்போது கொஞ்சம்தான். அதில் ஒரு பங்கை நம் ஊர் வெயில் எடுத்துக்கொள்கிறது. மீதிதான் நமக்கு.

எந்த மெஷினில் முடியும்

இன்டெலில் மாடல் எண்ணுக்குப் பின்னால் 'கே' எழுத்து (கே, கேஎஃப், கேஎஸ்) இருந்தால்தான் மல்டிப்ளையர் திறந்திருக்கும். மதர்போர்டும் இசட்690, இசட்790 போல இசட் வரிசையாக இருக்க வேண்டும். பி660 போர்டில் ரேமை வேகப்படுத்தலாம், ப்ராசசரின் மல்டிப்ளையரை மாற்ற முடியாது. ஏஎம்டி ரைசன் டெஸ்க்டாப் ப்ராசசர்களில் பெரும்பாலானவை திறந்தவை. 5800எக்ஸ்3டி போலச் சில விதிவிலக்குகள் உண்டு. போர்டு பி550, எக்ஸ்570, பி650 போன்றதாக இருக்க வேண்டும். ஏ320, ஏ520 போர்டுகளில் முடியாது. ஆபீஸுக்கு வாங்கும் பிராண்டட் டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் பயாஸிலேயே இந்த வாய்ப்பு இருக்காது.

உத்தரவாதத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். நிர்ணயித்த வரம்பைத் தாண்டி ஓட்டியதால் வந்த சேதத்தை இரண்டு நிறுவனங்களுமே உத்தரவாதத்தில் ஏற்பதில்லை.

மின்சாரப் பக்கம் இரண்டு விஷயம். எஸ்எம்பிஎஸ் மட்டமானதாக இருந்தால் மற்ற எல்லாமே வீண். கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸை வைத்து இதில் இறங்கவே வேண்டாம். வீட்டுக்கு வாங்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். கிராஃபிக்ஸ் கார்டோடு ஓவர்கிளாக்கும் சேர்ந்தால் கரன்ட் போன அந்த நொடியில் யுபிஎஸ்ஸும் கையை விரித்துவிடும். எர்த் சரியாக இல்லாத பழைய வீடு என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்வது முதல் வேலை.

செய்யும் முறை

முதலில் முக்கியமான கோப்புகளைத் தனி டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். நிலையில்லாத ஓவர்கிளாக் எப்போதும் நீலத் திரை காட்டி எச்சரிக்கும் என்று நினைக்க வேண்டாம். சில நேரம் சத்தமில்லாமல் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, அந்தத் தப்பான விடையை டிஸ்க்கில் எழுதிவிடும். வாடிக்கையாளரின் கல்யாண வீடியோ இருக்கும் மெஷினில் இது விளையாட்டில்லை.

அப்புறம், எதையும் மாற்றாமல் இப்போதைய நிலையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் வெப்பநிலை, வோல்டேஜ், வேகம் எல்லாவற்றையும் காட்டும். ப்ராசசரின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் என்ற மென்பொருளை ஓட்டினால் ஒரு மதிப்பெண் கிடைக்கும். அறை வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதுங்கள். இந்த நிலையிலேயே மதியத்தில் 90-ஐத் தொடுகிறது என்றால் கூலரை மாற்றாமல் மேலே போகாதீர்கள்.

ரேமுக்கு எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ஆயத்த செட்டிங் இருக்கும். அதுவும் ஒரு வகை ஓவர்கிளாக்தான். ப்ராசசரைச் சோதிக்கும்போது அதை அணைத்து வையுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் தவறு எதிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பயாஸில் மல்டிப்ளையரை ஒரு எண் மட்டும் ஏற்றுங்கள். ஒரு எண் என்றால் 100 மெகாஹெர்ட்ஸ். அந்த நேரத்தில் வோல்டேஜை ஆட்டோவில் விடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் வேகத்தை ஏற்றியதைப் பார்த்து, பல மதர்போர்டுகள் தேவைக்கு மேல் தாராளமாக வோல்டேஜ் கொடுத்துவிடும். அதனால் முழு வேலையில் சாதாரணமாக எவ்வளவு வோல்டேஜ் போகிறது என்பதை முன்பே குறித்து வைத்து, அதே அளவைக் கையால் கொடுங்கள். விண்டோஸ் திறந்து சினிபெஞ்சைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். தாங்கினால் இன்னொரு எண். தடுமாறும் இடம் வரும். அங்கே இரண்டு வழி: ஒரு எண் இறங்கி நின்றுவிடலாம், அல்லது வோல்டேஜை 0.0125 அல்லது 0.025 என்று மிகச் சிறிய அளவில் ஏற்றிப் பார்க்கலாம்.

ஒவ்வொரு தலைமுறைக்கும் தாங்கும் வோல்டேஜ் வேறு. பழைய ப்ராசசருக்கு எழுதிய எண்ணைப் புதியதில் போடக்கூடாது. ரைசன் 5000 வரிசையில் எல்லாக் கோர்களையும் பூட்டி ஓட்டினால் நான் 1.25 வோல்ட்டைத் தாண்ட மாட்டேன். அதற்கு மேல் கிடைக்கும் 50, 100 மெகாஹெர்ட்ஸுக்காக ப்ராசசரின் ஆயுளைக் கொடுப்பது நியாயமாகத் தெரியவில்லை.

எதையோ மாற்றியதில் திரையே வரவில்லை என்றால் பதற வேண்டாம். கம்ப்யூட்டரை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 காயின் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மறுபடி போட்டால் பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும். பல போர்டுகளில் இதற்கென்றே சிமாஸ் கிளியர் பின் இருக்கும். இந்த வழியைத் தெரிந்துகொண்ட பிறகுதான் முதல் எண்ணையே மாற்ற வேண்டும்.

இறக்கி ஏறும் வழி

நம் ஊரில் முதன்முதலாகச் செய்துபார்ப்பவருக்கு நான் சொல்வது மேலே சொன்ன வழியைக்கூட அல்ல. வோல்டேஜைக் குறையுங்கள் என்றுதான் சொல்வேன். இதற்கு அண்டர்வோல்டிங் என்று பெயர். கேட்க முரணாக இருக்கும், காரணம் எளியது. இன்றைய ப்ராசசரின் பூஸ்டை நிறுத்துவது பெரும்பாலும் சூடும் மின்சார வரம்பும்தான். தொழிற்சாலை எல்லாச் சிப்புக்கும் பொதுவாகக் கொஞ்சம் அதிக வோல்டேஜ் வைத்திருக்கிறது. உங்கள் சிப்புக்குத் தேவையில்லாத பகுதியைக் குறைத்தால், வர்க்கக் கணக்கில் சூடு இறங்கும். சூடு இறங்கியதும் பூஸ்ட் தானாக மேலே போய், அங்கேயே அதிக நேரம் நிற்கும்.

ரைசனில் இதற்கு கர்வ் ஆப்டிமைசர் என்ற பகுதி பயாஸில் உண்டு. எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10 கொடுத்துச் சோதியுங்கள். நிலையாக இருந்தால் மைனஸ் 15. இன்டெலில், போர்டு அனுமதித்தால், வோல்டேஜ் ஆஃப்செட்டை 0.025 வோல்ட் குறைத்து ஆரம்பிக்கலாம். ஒற்றைக் கோர் பூஸ்டும் போகாது, மின் கட்டணமும் ஏறாது, மே மாத மதியத்தில் ஃபேன் அலறுவதும் குறையும். ஏசி இல்லாத அறையில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஒரே எச்சரிக்கை: அதிகமாகக் குறைத்தால் மெஷின் சும்மா இருக்கும்போதோ லேசான வேலையிலோகூட ரீஸ்டார்ட் ஆகலாம். அதனால் முழு வேலைச் சோதனை மட்டும் போதாது. ஒரு வாரம் சாதாரணமாகப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும்.

நிலையாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்

சினிபெஞ்ச் பத்து நிமிடம் ஓடியதும் பெருமையாக ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுகிறார்கள். அது ஆரம்பம்தான். ஓசிசிடி அல்லது பிரைம்95 என்ற சோதனை மென்பொருள் ஒரு மணி நேரமாவது ஓட வேண்டும். இவை போட்ட கணக்கின் விடை சரியா என்றும் பார்ப்பதால், சத்தமில்லாத தவறுகளும் பிடிபடும். ஓடும் நேரத்தில் வெப்பநிலை 90-ஐத் தாண்டினால் நிறுத்திவிட்டு ஒரு படி இறங்குங்கள். பிறகு விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து, டபிள்யூஎச்ஈஏ என்று தொடங்கும் ஹார்டுவேர் பிழைகள் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். மெஷின் ஹேங் ஆகாமல் ஓடியிருந்தாலும் அங்கே ஒரு பிழை இருந்தால் செட்டிங் நிலையாக இல்லை என்றே அர்த்தம்.

கடைசியாக உங்கள் சொந்த வேலை. வீடியோ எடிட் செய்பவர் என்றால் நீளமான ஒரு ப்ராஜெக்டை முழுதாக ரெண்டர் செய்து, வந்த கோப்பை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். நாலு நிமிடம் மிச்சம் பிடிக்கப்போய், நாற்பதாவது நிமிடத்தில் நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் யாருக்கு லாபம்?

எல்லாம் சரியாக வந்த பிறகு அந்த செட்டிங்கைப் பயாஸிலேயே ஒரு ப்ரொஃபைலாகச் சேமித்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு இரண்டாகச் சேமியுங்கள். ஐப்பசி முதல் மாசி வரைக்கும் ஒன்று. பங்குனி பிறந்ததும் போட, மல்டிப்ளையரில் ஒன்றிரண்டு எண் குறைத்து இன்னொன்று. பயாஸை அப்டேட் செய்தால் இந்த ப்ரொஃபைல்கள் அழிந்துபோகலாம் என்பதால் எண்களை ஒரு தாளில் எழுதி, கேபினட்டின் உள்பக்கக் கதவில் ஒட்டி வையுங்கள்.